தொட்டி குடிச்ச சூடு

பாத்தேன் கண்ணு, கைய வெச்சுத்தான் பாத்தேன், அன்னைக்கும் வெச்சுத்தான் பாத்தேன், டாக்டரம்மா கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன். பொய்யில்ல. மணிக்கட்டு முங்கற வரைக்கும் வெச்சேன். மேகலா அடுப்படிக் கதவு நெலவுல சாஞ்சு நின்னுட்டு, துணி அலசுன ஈரக்கைய நைட்டியில தொடைச்சுக்கிட்டே, "வெச்சுப் பாத்தா தெரியாதுங்களாப்பா, அவ்வளவு சூடு?"ங்கறா. இந்த மூணு வாரத்துல இதை ஆறாவது தடவையா கேக்கறா, போன்ல நாலு, நேர்ல ரெண்டு. ஒவ்வொரு தடவையும் கேள்வி ஒண்ணுதான், குரல்தான் மாறுது, மொதல்ல அழுதா, அப்புறம் கத்துனா, இப்ப சும்மா கேக்கறா, சும்மா கேக்கறதுதான் பயமா இருக்குது. "என்னமோ கவனமில்ல கண்ணு, டிவில செய்தி ஓடிக்கிட்டு இருந்துது"ன்னேன். கவனமில்லாதவன்னு பேரு வாங்கறதுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல, அறுபத்தி மூணு வயசுல புதுசா கெட்டுப்போறதுக்கு என்ன பேரு இருக்குது. அவ உள்ள போயிட்டா, உள்ளன்னா முன் ரூமு, அங்க ஜன்னலோரமா நாற்காலியில வசந்தாமணி உக்காந்திருக்கா, என் வீட்டுக்காரி, வலது கை மடியில, வலது கால் பலகை மேல, கட்டு அவுத்து நாலு நாளாச்சு, பாதத்துல தோலு புதுசா, ரோஸ் கலர்ல, வேற யாரோட காலோ மாதிரி. நேத்து வந்து பைய எறக்குனதுமே மேகலா சொல்லிட்டா, "நாளைக்கு நான் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், நீங்களே எல்லாம் பண்ணுங்க, சரியா இருந்தா அம்மா இங்கயே இருக்கட்டும், இல்லாட்டி சாயங்காலம் கார்ல ஓசூருக்கு கூட்டிட்டுப் போயிர்றேன்"னு. ஓசூர்ல அவளுக்கு மாமியார் மாமனார் இருக்காங்க, மூணாவது மாடி, ரெண்டு ரூமு, இன்னொரு கட்டில் போடலாம், ரெண்டு போட முடியாது. அதை அவ சொல்லல, நான்தான் போன தீவாளிக்குப் போயிருந்தப்ப கண்ணுலயே அளந்துட்டு வந்தேன். முப்பத்தி எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருந்துட்டோம். சரி. அடுப்புல போசி. போசியில மூணு லிட்டரு தண்ணி. இன்னும் சத்தம் வரல.

மூணு லிட்டரு தண்ணி, இருபத்தேழு டிகிரியில இருந்து நூறுக்கு, எழுபத்தி மூணு டிகிரி ஏறணும், மூவாயிரம் கிராம் பெருக்கல் எழுபத்தி மூணு பெருக்கல் ஒண்ணு, ரெண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் கலோரி. தண்ணிக்கு ஒண்ணு. இரும்புக்குப் பூச்சியம் புள்ளி ஒண்ணு ஒண்ணு. அந்த அட்டவணை இன்னும் தலையில ஒட்டிக்கிட்டிருக்குது, நேத்து சாப்பிட்ட மாத்திரை பேரு ஒட்ட மாட்டேங்குது. பம்ப் கம்பெனியில கிரைண்டிங்ல சேந்த புதுசுல, யூனியன் ஆபீஸ் மேல சாயங்காலம் ஏழு மணிக்கு வகுப்பு, பத்தாவது பிரைவேட்டா எழுதறவங்களுக்கு, பதினாலு பேரு உக்காந்திருப்போம், பாதிப்பேரு உக்காந்தே தூங்குவோம். பொன்னுரங்கம் வாத்தியாரு தூங்கறவங்கள எழுப்ப மாட்டாரு, "தூங்கட்டும், ஷிப்டு முடிஞ்சு வந்திருக்கான், முழிச்சிருக்கறவன் கேளுங்க"ம்பாரு. ஒருநாள் கேட்டாரு, ஏம்ப்பா, கிரைண்டிங் பண்றீங்களே, பொறி பறக்குதே, அது என்ன சூடு இருக்கும்னு. ஆளுக்கொண்ணு சொன்னாங்க. ஆயிரம் டிகிரிக்கு மேலன்னாரு. அது உங்க கையில நாளெல்லாம் வந்து விழுகுது, ஒண்ணும் பண்றதில்ல, ஆனா அங்க ஆறப்போட்டிருக்கற வார்ப்பு நூறு டிகிரிதான், அதைத் தொட்டா தோலு உரியுது, ஏன்? நான் சொன்னேன், பொறியில சூடு அதிகம் சார், சரக்கு இல்லை. அவரு சாக்பீஸ கீழ வெச்சுட்டாரு. "இவன் பாஸு"ன்னாரு. எவ்வளவு சூடா இருக்குதுங்கறது வேற, எவ்வளவு சூட்டை உள்ள வெச்சிருக்குதுங்கறது வேற. அதுக்குப் பேரு வெப்ப ஏற்புத்திறன். ஒரு டிகிரி ஏறணும்னா எவ்வளவு வாங்கிக்கும், ஒரு டிகிரி எறங்கணும்னா எவ்வளவு குடுக்கும். சிலது கொஞ்சம் குடுத்தாலே குதிக்கும். சிலது எவ்வளவு குடுத்தாலும் அசையாது. நாங்க பதினாலு பேருல பத்துப்பேரு பாஸ், நாலு பேரு தூங்குனவங்க, அதுல ரெண்டு பேரு பின்னாடி சூப்பர்வைசர் ஆனாங்க, நான் கடைசி வரைக்கும் கிரைண்டிங்தான். இருபத்தாறு வருஷம். அந்த மெஷினு கையப் புடிச்சு உலுக்கும் பாருங்க, காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி சாப்பிடறப்பவும் சோத்துக்குள்ள விரல் அதிரும். அப்புறம் அதிர்றது நின்னுது. நல்லதாப் போச்சுன்னு இருந்தேன். நின்னது அதிர்வு இல்ல, விரலு.

எப்பன்னு சொல்ல முடியாது. தேதி போட்டெல்லாம் போகறதில்ல. அப்புறம் சர்க்கரை வந்துது, மிச்சத்த அது எடுத்துக்கிச்சு. சட்டைப் பட்டனு போட நேரமாச்சு, சில்லறைக்குப் பதிலா சாவிய எடுத்துக் குடுத்தேன், கொதிக்கற டம்ளர வெறுங்கையில புடிச்சுக் குடிச்சேன், அதைப் பாத்து மேகலா சின்னப்புள்ளையில அவ சினேகிதிகிட்ட, "எங்கப்பாவுக்கு சூடே தெரியாது, கம்பெனிக் கை"ன்னு பீத்திக்குவா. நானும் இன்னொரு டம்ளர எடுத்துப் புடிச்சுக் காட்டுவேன். அப்ப கொஞ்சம் தெரிஞ்சுது. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் காட்டுவேன். இப்பப் பல்லக் கடிக்க வேண்டியதில்ல, அது ஒரு வசதி. வலது கையில முழங்கை வரைக்கும் போயிடுச்சு. இடது முழங்கை கொஞ்சம் சொல்லும், ஆனா லேட்டா சொல்லும், அதுக்கும் ரெண்டே பதிலுதான், சுடுது, சுடல, நாப்பதா நாப்பத்தி ஆறான்னு கேட்டா அதுக்குத் தெரியாது. யாருகிட்டயும் சொல்லல. வசந்தாமணிக்குத் தெரியும். சொல்லித் தெரிஞ்சுக்கல, அவளா எனக்குப் பட்டன் போட ஆரம்பிச்சா, குளிக்கறதுக்குத் தண்ணிய அவளே வெளாவி வெச்சுட்டு, "ஊத்திக்குங்"ம்பா. அதைப் பத்தி ஒரு வார்த்தை ரெண்டு பேரும் பேசுனதில்ல. எட்டு மாசத்துக்கு முன்னாடி காலையில கோலப்பொடி டப்பாவோட வாசல்ல சாஞ்சா. வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. மிச்சம் ஒரே ஒரு வார்த்தை. "சரிங்." பசிக்குதான்னா சரிங். வேண்டாமான்னா சரிங். வலிக்குதா, சரிங். கோவம் வந்தாலும் அதேதான், இடது கையால தட்டைத் தள்ளிவிட்டுட்டு, கண்ணுல தண்ணி நிக்க, "சரிங், சரிங்"னு கத்துவா. கல்யாணமான நாள்ல இருந்து அவ என்னை எதுத்துப் பேசுனதெல்லாம் இருக்குது, ஒரு புஸ்தகமே போடலாம், அத்தனையும் போயி எது நின்னுது பாருங்க.

போசியில சின்னதா இரையற சத்தம். அடியில முட்டை முட்டையா கட்டுது. பிசியோதெரபிக்கு வர்ற ஜெனிபர் புள்ள பத்தரைக்கு வரும், அதுக்குள்ள அவ காலைப் பத்து நிமிசம் வெந்நீர்ல வெச்சு எடுத்துத் தொடைச்சு வெக்கணும், நரம்பு எளகுனாத்தான் மடக்கி நீட்ட முடியும். மொத நாள் அந்தப் புள்ளையே வந்து காட்டிக் குடுத்துது. பின்னாடி துணி தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல சிமெண்டுத் தொட்டி, நாங்க இந்த வீட்டுக்கு வந்தப்பவே இருந்தது, குட்டையா, துணி ஊறப்போட. அதுக்கு முன்னால வசந்தாமணிய நாற்காலியில உக்கார வெச்சு, ஜெனிபரு ஒவ்வொரு ஜக்கா ஊத்தச் சொல்லி, தன் கையவிட்டுக் கலக்கிக் கலக்கிப் பாத்து, "போதுங்க அங்கிள், இதே மாதிரி டெய்லி வெச்சிருங்க"ன்னுது. நான் எண்ணிக்கிட்டேன். கொதிச்ச தண்ணி நாலு ஜக்கு, பச்சைத்தண்ணி ஏழு ஜக்கு, லிட்டர் ஜக்கு. நாலும் ஏழும். எனக்குக் கை வேண்டியதில்ல, எண்ணத் தெரிஞ்சாப் போதும். அஞ்சு மாசம் நாலும் ஏழும். ஒருநாள் தப்புனதில்ல. பாட்டு மாதிரி, நாலு கொதிச்சது, ஏழு பச்சை, ஊத்திட்டு நாற்காலிய நகத்தி, துண்டு எடுத்து, பேருக்கு ஒரு தடவை கைய விட்டு அலசிட்டு, "சூடு சரியா வசந்தா?" "சரிங்." அப்புறம் மாப்பிள்ளை வந்தாரு, நல்ல மனுசன், குத்தமே சொல்ல முடியாது, அத்தைக்குச் சக்கர நாற்காலி போக வரச் சாய்வா தளம் போடணும்னு கொத்தனாரக் கூட்டியாந்து, வழியில தொட்டி இருக்குதேன்னு பேத்து எடுத்துட்டாங்க. ரெண்டு பேரு தூக்க முக்குனாங்க. "ஒரு சிமெண்டு மூட்டை கனமிருக்கும் போல"ன்னாரு கொத்தனாரு. தளம் நல்லாத்தான் இருக்குது. மறுநாள் நான் நீலக்கலரு பிளாஸ்டிக் பக்கெட்டுல ஊத்துனேன். நாலு கொதிச்சது, ஏழு பச்சை.

அவ காலை உள்ள வெச்சு எட்டு நிமிசம் இருக்கும். செய்தியில மழை வரும்னு சொன்னாங்க, வரல. காலை எடுத்துத் தொடைச்சேன், துண்டோட தோலு வந்துது. மொதல்ல துண்டுல என்னமோ ஒட்டியிருக்குதுன்னு நெனச்சேன், அதை எடுத்துப் போடப் பாத்தேன். அவ மூஞ்சியப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா. நான் "வலிக்குதா"ன்னேன். வேற என்ன கேக்கறது. அவளுக்கு அந்தக் கால் தெரியாது, எனக்கு என் கை தெரியாது, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பக்கெட்டு வெந்நீரு, அதுக்கு மட்டும்தான் தெரியும் அது என்ன சூடுன்னு. ஆட்டோவுல போனோம். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கிட்டே, "கைய வெச்சுப் பாக்கறதில்லையா?"ன்னாங்க. உள்ள கட்டுப் போடறாங்க, நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், அழுகணும்னு தோணல, பதறணும்னு தோணல, எனக்கு ஒரு டிகிரி ஏறல. என்ன தோணுச்சுன்னா, நாலும் ஏழும்தான ஊத்துனேன். பேனா இருந்துது, ஆஸ்பத்திரிச் சீட்டுக்குப் பின்னாடி எழுதிப் பாத்தேன். கொதிச்ச தண்ணி அடுப்புல இருந்து பின்னாடி வர்றதுக்குள்ள தொண்ணூத்தஞ்சுன்னு வெச்சுக்குவோம். நாலு பெருக்கல் தொண்ணூத்தஞ்சு, முன்னூத்தி எண்பது. பச்சைத்தண்ணி, டிரம்முல இருந்து எடுத்தது, இருபத்தேழு, ஏழு பெருக்கல் இருபத்தேழு, நூத்தி எண்பத்தொம்பது. கூட்டுனா ஐநூத்தி அறுபத்தொம்பது. மொத்தம் பதினோரு லிட்டரு. வகுத்தா அம்பத்தி ஒண்ணு புள்ளி ஏழு. அம்பத்திரெண்டு. அம்பத்திரெண்டுல கால வெச்சா எது நிக்கும். அப்ப அஞ்சு மாசம் எப்பிடி நின்னுது? அங்கதான் தொட்டி வந்துது. சிமெண்டு மூட்டை அம்பது கிலோ, சிமெண்டுக்கு ஏறத்தாழ பூச்சியம் புள்ளி ரெண்டு, பெருக்குனா பத்து. தொட்டின்னு நாங்க நெனச்சோம், அது பத்து லிட்டரு தண்ணி. ஊத்துன சூட்டுல பாதிய அது குடிச்சுட்டு உக்காந்திருந்துது. ஐநூத்தி அறுபத்தொம்பதோட, பத்து பெருக்கல் இருபத்தேழு, இருநூத்தி எழுபதக் கூட்டி, இருபத்தி ஒண்ணுல வகுத்தேன். நாப்பது. முப்பத்தொம்பது புள்ளி ஒம்பது அஞ்சு, சொல்லப்போனா. தொட்டி முழுக்க ஒரே சூட்டுக்கு வராதுதான், பாடத்துல வர்ற தொட்டிதான் அப்பிடி வரும், இருந்தாலும் நாப்பது. நர்ஸம்மா வந்து, "யாரு வசந்தாமணி கூட வந்தது?"ன்னாங்க. நான் விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டுட்டு எந்திரிச்சேன். கலோரிமீட்டரோட நீர்ச்சமான எண், பாத்திரம் எத்தனை தண்ணிக்குச் சமம்ங்கறது. பரீட்சையில அந்தக் கணக்கு வந்துது, அஞ்சு மார்க்கு, எனக்கு அஞ்சுக்கு அஞ்சு. பாத்திரத்த மறந்தவனெல்லாம் ரெண்டு மார்க்கு விட்டான்.

அதுக்கப்புறம் மூணு வாரம் இதே கணக்குதான். படுத்தாலும், பஸ்ஸுல நின்னாலும், ரேசன் வரிசையிலயும். பிளாஸ்டிக் பக்கெட்டு ஒண்ணும் குடிக்காது, அதை விட்டுத் தள்ளிரலாம். தொண்ணூத்தஞ்சுல இருந்து நாப்பதுக்கு எறங்கணும், அம்பத்தஞ்சு, இருபத்தேழுல இருந்து நாப்பதுக்கு ஏறணும், பதிமூணு. ஒரு பங்கு கொதிச்சதுக்கு நாலே கால் பங்கு பச்சை. ரெண்டும் ஒம்பதும். முப்பத்தொம்பதரை வரும். இன்னைக்கு ரெண்டும் ஒம்பதும். மேகலா பாத்துக்கிட்டே இருக்கட்டும், ரெண்டு ஊத்துவேன், ஒம்பது ஊத்துவேன், கைய விட்டுக் கலக்கி, மூஞ்சியில ஒரு யோசனை வெச்சுக்கிட்டு, தலைய ஆட்டுவேன். வேணும்னா அவளும் கைய வெச்சுப் பாக்கட்டும், சரியாத்தான் இருக்கும். சாயங்காலம் கார்ல அவ மட்டும் போவா. தெர்மாமீட்டரு ஒண்ணு வாங்கிரலாம்னு மெடிக்கல் வரைக்கும் போனேன், வாங்கல. கை இருக்கறவன் பக்கெட்டுக்கு எதுக்கு தெர்மாமீட்டர் வாங்கறான்னு அவ கேப்பா. மத்தவங்க கேக்க மாட்டாங்க, இவ கேப்பா, இவ அம்மா மாதிரி. ரெண்டும் ஒம்பதும். போசி இப்ப நல்லா கொதிக்குது, மூடி ஆடுது. 'சூடு வெளியே போகாதெனக் கொள்க'ன்னு போட்டிருக்கும் புஸ்தகத்துல. கொள்றதுக்கு என்ன, கொண்டுக்கலாம்.

"அப்பா, டிரம்மு காலிங்க, நான்தான் துணிக்கு எடுத்துட்டேன்," மேகலா பின்னாடி குழாயடியில இருந்து கத்தறா, "குழாயில புடிச்சு பக்கெட்டுல வெச்சிருக்கேன், ஒம்பது ஜக்குதான சொன்னீங்க?" ஆமா கண்ணு, ஒம்பதுன்னேன். சொல்லிட்டு நின்னுட்டேன். டிரம்முல இருக்கறது சிறுவாணித் தண்ணி, நிழல்ல இருக்குது, இருபத்தேழு. குழாயில வர்றது மேல டேங்க்குல இருந்து. கறுப்பு டேங்க்கு. சித்திர மாச வெய்யிலு. மணி பத்து. அது முப்பத்திரெண்டா இருக்கலாம். முப்பத்தஞ்சா இருக்கலாம். பக்கெட்டு பக்கத்துலதான் இருக்குது, அடுப்படிக் கதவோரம், குனிஞ்சு கைய விட்டேன். ஈரம் தெரியல, சூடு தெரியல, கை பக்கெட்டுக்குள்ள இருக்குதுன்னு கண்ணுதான் சொல்லுது. இடது முழங்கைய விட்டேன். சுடல. சரி, சுடல, ஆனா எவ்வளவு? முப்பத்திரெண்டுன்னா, ஒம்பது பெருக்கல் முப்பத்திரெண்டு இருநூத்தி எண்பத்தெட்டு, நூத்தித் தொண்ணூறக் கூட்டி, பதினொண்ணுல வகுத்தா நாப்பத்தி மூணரை. முப்பத்தஞ்சுன்னா நாப்பத்தாறு. புதுத்தோலு. ஒண்ணரை ஜக்கு ஊத்தலாமா? எதை வெச்சு ஒண்ணரை? கணக்குல நாலு எடம் இருக்குது, மூணு தெரிஞ்சாத்தான் நாலாவது வரும். பொன்னுரங்கம் வாத்தியாரு தெரியாதத எக்ஸுன்னு போடச் சொல்லுவாரு, ஒரு எக்ஸுதான் இருக்கலாம், ரெண்டு எக்ஸு இருந்தா கணக்கு தப்பில்ல, கேள்வி பத்தலன்னு அர்த்தம், போயி கேட்டுட்டு வாம்பாரு. நாளைக்கு மேகம் போட்டா இது இருபத்தொம்பது. மார்கழியில இருபத்தி மூணு. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தர் இந்தத் தண்ணியில கைய விட்டு எனக்குச் சொல்லணும். சொல்றதுக்கு இந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம்.

அவ காலு இன்னொரு தடவை உரிஞ்சா என்னாகும்னு நெனச்சுப் பாத்தேன். நெனப்பு வந்துது, கூட ஒண்ணும் வரல. ஓசூரு கட்டிலையும் நெனச்சுப் பாத்தேன், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துது, கிழக்கோ என்னமோ, காலையில வெய்யிலு காலுல விழுகும், நல்லதுதான். இந்த வீட்டுல அந்த நாற்காலி இல்லாம முன் ரூமு எப்பிடி இருக்கும்னு பாக்கலாம்னு திரும்புனேன், இங்க இருந்து அவ முதுகுதான் தெரியுது, மேகலா பின்னி விட்ட சடை, இத்தனை இறுக்கமா நான் பின்ன மாட்டேன், எனக்கு முடி கையில நிக்காது.

"அப்பா, கலந்துட்டீங்களா?" மேகலா முன் ரூமுக்கு வந்து அம்மா பக்கத்துல உக்காந்துட்டா, சொன்ன மாதிரியே கையக் கட்டிக்கிட்டு. "ஜெனிபரு வர்ற நேரமாச்சுங்க."

"இல்ல கண்ணு. கலக்கல."

"ஏனுங்?"

"குழாத்தண்ணி என்ன சூடுன்னு தெரியல."

"கைய வெச்சுப் பாருங்களேன்."

"வெச்சுத்தான் இருக்கேன்"னேன். கை இன்னும் பக்கெட்டுக்குள்ளதான் இருந்துது. "ரெண்டு கையிலயும் எனக்குத் தெரியறதில்ல கண்ணு. ரொம்ப நாளாச்சு. அன்னைக்கும் தெரியல."

மூடி மட்டும் ஆடிக்கிட்டு இருந்துது. கட்டுன கைய அவ அவுக்கறது வளையல் சத்தத்துல தெரிஞ்சுது. அப்புறம் அவ குரலு, கத்தல, அழுகல, சின்னப்புள்ளையில கூப்பிடுவாளே அந்த மாதிரியும் இல்ல.

"அடுப்ப அணைச்சுட்டு இங்க வாங்கப்பா."

அணைச்சேன். கையத் தொடைச்சுக்கிட்டுப் போனேன்.